வீட்டுப் புகைப்படச் சேவையகமும் வன்பொருள் முடுக்கமும்: ஒரு திருத்தம், ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்ப இணைப்பில் அண்மையில் வெளியான, குடும்பப் புகைப்படங்களை வீட்டிலேயே ஒரு சேவையகத்தில் சேமித்து வைப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபி என்று எல்லை வகுத்த பிறகு, மாதச் சந்தா கட்ட விரும்பாதவர்களும் தம் வீட்டுப் படங்கள் அயலார் கணினியில் இருப்பதை விரும்பாதவர்களும் இந்த வழியை நாடிவருகிறார்கள். அவர்களில் பலர் இன்று தேர்ந்தெடுப்பது 'இம்மிச்' என்னும் திறமூல மென்பொருளைத்தான். அலெக்ஸ் டிரான் என்பவர் 2022இல் தனியொருவராகத் தொடங்கிய இத்திட்டத்துக்கு 2024 மே மாதம் முதல் ஃப்யூட்டோ நிறுவனத்தின் ஆதரவு கிடைத்தது. 2025 அக்டோபரில் 2.0 என்ற நிலையான பதிப்பும் வந்துவிட்டது. எனவே கட்டுரை உரிய காலத்தில் வந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வன்பொருள் முடுக்கம் (கனத்த கணக்குகளைச் சாதாரணச் செயலியிடமிருந்து கிராபிக்ஸ் சில்லு போன்ற சிறப்பு வன்பொருளுக்கு மாற்றி விரைவாக்குவது) பற்றி அதில் இருந்த இரண்டு செய்திகள் வாசகரின் பணத்தையும் நேரத்தையும் வீணாக்கக்கூடியவை. முகங்களைப் பிரித்தறியவும் சொல்லிட்டுப் படங்களைத் தேடவும் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. நிர்வாகப் பக்கத்தில் உள்ள வன்பொருள் முடுக்கத் தெரிவை இயக்கிவிட்டால் எல்லாம் விரைவாகிவிடும் என்று பிறிதோரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. இரண்டுமே சரியல்ல. ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரிப்பவன் என்ற முறையிலும், உறவினர் நண்பர் வீடுகளில் இந்தச் சேவையகத்தை நிறுவிக் கொடுத்து வருபவன் என்ற முறையிலும் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். தமிழில் தேட விரும்பும் வீடுகளுக்கு முடுக்கம் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், இயந்திரக் கற்றல் இந்தச் சேவையகத்தில் எதைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். இம்மிச் ஒரே நிரலாக இயங்குவதில்லை. படங்களைப் பெற்றுக் காட்டும் முதன்மைச் சேவையகம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், இயந்திரக் கற்றலுக்கென்றே உள்ள தனிப் பகுதி என்று வெவ்வேறு டாக்கர் கன்டெய்னர்களாக (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாக அடைத்த தனிப் பெட்டிகளாக) அது இயங்குகிறது. ஒரு படம் வந்து சேர்ந்ததும் அதன் சிறு முன்னோட்டம் இயந்திரக் கற்றல் பகுதிக்கு அனுப்பப்படும். அங்கே, ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021 ஜனவரியில் வெளியிட்ட 'கிளிப்' என்னும் மாதிரி (தரவுகளால் பயிற்றுவிக்கப்பட்ட நிரல்), அந்தப் படத்தை 224க்கு 224 புள்ளிகளாகச் சுருக்கி, 49 சதுரக் கட்டங்களாக வெட்டி, முடிவில் 512 எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றித் தருகிறது. நாம் 'கடற்கரையில் குழந்தை' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் அந்தச் சொற்றொடரும் அதேபோல 512 எண்களாக மாற்றப்பட்டு, தரவுத்தளத்தில் இருக்கும் வரிசைகளுள் எது அதற்கு மிக நெருக்கமாக இருக்கிறதோ அந்தப் படம் முதலில் வருகிறது. முகங்களுக்கு 'இன்சைட்ஃபேஸ்' குழுவினரின் 'பஃபலோ எல்' என்ற மாதிரித் தொகுப்பு பயன்படுகிறது.

இந்த வேலைகளுள் படத்தை எண்ணாக்குவதும், முகம் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து அதை எண்ணாக்குவதும், தேடும் சொல்லை எண்ணாக்குவதுமே முடுக்கத்தால் பயன்பெறுபவை. எண் வரிசைகளை ஒப்பிடுவது தரவுத்தளத்தின் வேலை. 'இந்த முகமும் அந்த முகமும் ஒருவருடையதே' என்று தொகுப்பதும் முதன்மைச் சேவையகமும் தரவுத்தளமும் சேர்ந்து செய்வது. எவ்வளவு விலை கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் இவை விரைவாகப் போவதில்லை. நிர்வாகப் பக்கத்தின் பணிப் பட்டியலில் முகங்களைக் கண்டறிதல் ஒரு பணியாகவும் முகங்களை அடையாளம் காணுதல் வேறொரு பணியாகவும் தனித்தனியே இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது பணி மெதுவாக நகர்வதைப் பார்த்துவிட்டு கார்டு பழுது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவரும் உண்டு.

ஆகவே கார்டு கட்டாயம் என்பது தவறு. இயல்பிருப்பாக (நாம் எதையும் மாற்றாதபோது) வரும் மாதிரிகள் சாதாரணச் செயலியிலேயே இயங்கும்படி சிறியவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பழைய கணினியொன்றில் பல்லாண்டுப் படங்களை முதன்முறை ஏற்றும்போது மின்விசிறி இரைய நாள்கணக்கில் அது உழைக்கும் என்பது உண்மைதான். அந்தத் தொகுப்பு (படங்களையெல்லாம் எண்ணாக்கும் பணி) முடிந்துவிட்டால், பிறகு அன்றாடம் வந்து சேரும் பத்திருபது படங்களுக்கு எந்த முடுக்கமும் தேவையில்லை. அந்த ஒரு முறைக்காக ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, அதே பணத்தில் இன்னொரு வன்வட்டு வாங்கி மூலப் படங்களை நகலெடுத்து வைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. எண் வரிசைகள் அழிந்தால் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். பாட்டியின் சதாபிஷேகப் படம் அழிந்தால் முடியாது.

அடுத்தது நிர்வாகப் பக்கத் தெரிவு. அங்கே காணப்படும் வன்பொருள் முடுக்கம் என்பது காணொளி மாற்றத்துக்கு மட்டுமே உரியது. கைப்பேசியில் எடுத்த காணொளியை உலாவியில் ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது என்விடியாவின் என்வென்க், இன்டெலின் குவிக்சிங்க் போன்றவற்றைப் பயன்படுத்தச் சொல்லும் தெரிவு அது. அதற்கான கன்டெய்னர் அமைப்பும் முதன்மைச் சேவையகத்தைச் சார்ந்தது. இயந்திரக் கற்றலுக்கு அப்படிப்பட்ட பொத்தான் எதுவும் நிர்வாகப் பக்கத்தில் இல்லை. கன்டெய்னர்களை எப்படி இயக்குவது என்று எழுதிவைக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில்தான் அதை அமைக்க வேண்டும். காணொளித் தெரிவை இயக்கிவிட்டு, படத்தேடலும் இனி விரைவாகும் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். கட்டுரையைப் படித்தவர்களால் அந்த எண்ணிக்கை கூடியிருக்கும் என்றே அஞ்சுகிறேன்.

கம்போஸ் கோப்பில் செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டையும் செய்ய வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் 'எச்டபிள்யூஆக்செல்.எம்எல்' (hwaccel.ml.yml) என்ற கோப்பைத் தரவிறக்கி, கம்போஸ் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் வைத்துவிட்டு, இயந்திரக் கற்றல் சேவையின் கீழ் குறிப்புரையாக முடக்கி வைக்கப்பட்டிருக்கும் 'எக்ஸ்டெண்ட்ஸ்' வரிகளை உயிர்ப்பித்து, அங்கே 'சிபியூ' என்று இருப்பதை நம்மிடம் உள்ள வன்பொருளுக்கேற்ப 'குடா', 'ஓப்பன்வினோ', 'ராக்எம்', 'ஆர்ம்என்என்', 'ஆர்கேஎன்என்' ஆகியவற்றுள் (எது யாருக்கு என்று கீழே சொல்கிறேன்) ஒன்றாக மாற்றுவது முதல் வேலை. இது வன்பொருளை கன்டெய்னருக்குள் தெரியவைக்கிறது. கன்டெய்னர் இமேஜின் (கன்டெய்னரை உருவாக்கும் ஆயத்த மென்பொருள் பொதியின்) பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடிட்டு அதே சொல்லைச் சேர்ப்பது இரண்டாவது வேலை. அந்த வன்பொருளோடு பேசத் தெரிந்த நூலகங்கள் அடங்கிய இமேஜை இது வரவழைக்கிறது. முதலாவதை மட்டும் செய்தால், கார்டு உள்ளே தெரியும், ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த மென்பொருள் உள்ளே இராது. இரண்டாவதை மட்டும் செய்தால், மென்பொருள் இருக்கும், கார்டு இராது. இரண்டு நிலையிலும் பெரும்பாலும் சேவை நின்றுவிடுவதில்லை என்பதே பெரிய சிக்கல். உள்ளே இயங்கும் ஓஎன்என்எக்ஸ் ரன்டைம் என்னும் பொறி, எந்த வன்பொருளை முதலில் முயல்வது, எதை அடுத்து முயல்வது என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதன் கடைசியில் எப்போதும் சாதாரணச் செயலி நிற்கிறது. முன்னால் உள்ளவை கைகொடுக்காவிட்டால் ஓசையின்றிக் கடைசிக்கு இறங்கி வேலையை முடித்துவிடும். படங்கள் தேடலில் வருவதைப் பார்க்கும் வீட்டாருக்கு, முடுக்கம் இயங்கவே இல்லை என்பது தெரியாமலே போய்விடும்.

இமேஜ் பெயரில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த வரியில் பதிப்பு எண்ணைக் குறிக்கும் மாறி நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும். சேர்க்க வேண்டிய சொல்லை மூடும் அடைப்புக்குறிக்கு வெளியே சேர்க்க வேண்டும். உள்ளே சேர்த்தால், சூழல் கோப்பில் (.env) பதிப்பு எண் குறிப்பிடப்படாத வீடுகளில் மட்டும் அது பலிக்கும். குறிப்பிடப்பட்டிருந்தால் நாம் சேர்த்த சொல் புறக்கணிக்கப்பட்டு, முடுக்கம் இல்லாத சாதாரண இமேஜே வந்து அமரும். கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். எனக்குத் தெரிந்து, 'அமைத்துவிட்டேன், ஆனால் வேகம் கூடவில்லை' என்ற புலம்பல்களில் கணிசமானவை இந்த ஓர் அடைப்புக்குறியில் முடிந்திருக்கின்றன.

இனி, யார் எதைத் தேர்வது? நம் ஊர்களில் அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டு இரண்டாம் கையாக விற்கப்படும் மேசைக்கணினிகள் பெரும்பாலும் இன்டெல் செயலி கொண்டவை. புதிதாக வாங்குவோரும் என்100 போன்ற சிக்கனமான செயலி உள்ள சிறு பெட்டிகளையே வாங்குகிறார்கள். இவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. ஓப்பன்வினோ வழியாக அதையே பயன்படுத்தலாம். கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்தச் செயலியின் கிராபிக்ஸை அறிந்த அளவுக்குப் புதியதாக இருக்க வேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, கணினியின் ராமையே பங்கிட்டுக்கொள்ளும். ஓப்பன்வினோவில் ராம் செலவும் சாதாரணச் செயலியில் இயக்குவதைவிடக் கூடுதல். நான்கு ஜிபி மட்டுமே உள்ள பெட்டியில் இதை முயன்றால் முடுக்கத்துக்குப் பதில் முடக்கமே வாய்க்கும். பழைய தலைமுறைச் செயலிகளில் தனிக் கார்டுகளைவிட உள்ளமைந்த கிராபிக்ஸில்தான் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்று இம்மிச்சின் ஆவணமே எச்சரிக்கிறது. கன்டெய்னருக்குள் வன்பொருள் தெரிய, லினக்ஸில் 'டெவ்' கோப்புறையின் கீழ் 'டிஆர்ஐ' என்ற சாதனக் கோப்புறை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சேவையகத்தை மெய்நிகர் கணினிக்குள் நிறுவியிருப்பவர்கள் அந்தச் சாதனத்தை உள்ளே கடத்தாவிட்டால் அது அங்கே இராது, பிறகு கம்போஸ் கோப்பில் எதை மாற்றியும் பயனில்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே இருப்பவர்களுக்கு என்விடியாவின் குடாதான் இருப்பவற்றுள் நம்பகமானது. கார்டின் கணிப்புத் திறன் நிலை (கார்டின் தலைமுறைக்கேற்ப என்விடியா தரும் எண்) 5.2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். டிரைவர் 545 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். டாக்கருக்கும் கார்டுக்கும் இடையே பாலமாக என்விடியாவின் கன்டெய்னர் டூல்கிட்டை நிறுவியிருக்க வேண்டும். இந்த 5.2 என்ற எண்ணைக் கட்டுரை குறிப்பிட்டிருந்தால் பலருக்கு உதவியிருக்கும். ஏனெனில் நம் கடைகளில் மலிவு என்று இன்றும் எடுத்துக் காட்டப்படும் ஜிடி 710 கார்டின் நிலை 3.5 மட்டுமே. ஜிடிஎக்ஸ் 750 டிஐ கூட 5.0இல் நின்றுவிடுகிறது. ஜிடி 1030 தேறும், ஜிடிஎக்ஸ் 1650 நன்றாகவே தேறும். ஆனால் மேக்ஸ்வெல், பாஸ்கல் (ஜிடி 1030 இதைச் சேர்ந்தது) தலைமுறைக் கார்டுகளுக்கு 580 என்ற டிரைவர் வரிசையே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டதால், இதற்காகவே புதிதாகப் பணம் போட்டு அந்தப் பழைய கார்டுகளை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்போர் ராக்எம் வழியை நாடலாம். ஆனால் அந்த இமேஜுக்கு மட்டும் ஏறத்தாழ 35 ஜிபி வட்டிடம் வேண்டும் என்பதை அறிந்தபின் நாடுவது நல்லது. சிறு எஸ்எஸ்டியில் இயங்குதளமும் தரவுத்தளமும் ஒன்றாக இருக்கும் வீட்டில் அது தரவுத்தளத்தையே மூச்சுத்திணற வைத்துவிடும்.

உள்ளங்கை அகலப் பலகைக் கணினிகளைப் பற்றிக் கட்டுரை பொத்தாம்பொதுவாகப் பேசியிருந்தது. ராஸ்பெர்ரி பையில் இயந்திரக் கற்றலுக்கு எந்த முடுக்கமும் இம்மிச்சில் கிடையாது. ஆர்ம்என்என் என்பது மாலி வகை கிராபிக்ஸ் உள்ள பலகைகளுக்கு மட்டுமே. அதிலும் படங்களைத் தொகுக்கும் பணிதான் விரைவாகுமே தவிர, நாம் சொல்லிட்டுத் தேடும் நேரம் குறையாது. ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3566, 3568, 3576, 3588 ஆகிய நான்கு சில்லுகளுக்கு ஆர்கேஎன்என் வழி உண்டு. அவற்றில் நரம்பியல் கணிப்புக்கென்றே தனிப் பகுதி இருப்பதால் சூடும் குறைவு, தேடலும் விரைவாகும். ஆனால் பலகையைத் தயாரித்தவர் தரும் லினக்ஸில் அதற்கான டிரைவர் 0.9.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அமைத்தாயிற்று, இயங்குகிறதா என்று எப்படி அறிவது? மேலே சொன்னபடி, படம் வருகிறது என்பது சான்றாகாது. இயந்திரக் கற்றல் கன்டெய்னரின் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு, இம்மிச்சில் ஏதேனும் ஒரு சொல்லைத் தேட வேண்டும். அப்போது பதிவில், கிடைக்கக்கூடிய ஓஆர்டி (மேற்சொன்ன ஓஎன்என்எக்ஸ் ரன்டைம்) வழங்கிகள் என்ற பொருளில் ஒரு வரி வரும். அதில் குடா அல்லது ஓப்பன்வினோவின் பெயர் இருக்க வேண்டும். சிபியூ மட்டும் இருந்தால் இமேஜ் பெயர் தவறு என்று பொருள். பெயர் இருந்தும் ஐயம் தீராவிட்டால், தொகுப்புப் பணியை ஓடவிட்டு, என்விடியாவுக்கு 'என்விடாப்', இன்டெலுக்கு 'இன்டெல் ஜிபியூ டாப்', ஏஎம்டிக்கு 'ரேடியான்டாப்' ஆகிய கருவிகளால் கிராபிக்ஸ் பகுதி உண்மையிலேயே உழைக்கிறதா என்று பார்க்கலாம். செயலி நான்கு கருக்களிலும் நூறு விழுக்காடு நிற்க, கிராபிக்ஸ் பூஜ்யத்தில் தூங்கினால் விடை தெரிந்துவிடும். உழைக்கிறது என்று உறுதியான பிறகே ஒரே நேரத்தில் எத்தனை படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கையை நிர்வாகப் பக்கத்தில் உயர்த்த வேண்டும். அதை உயர்த்த உயர்த்த கார்டின் நினைவகச் செலவும் உயரும்.

நெடுநேரம் கழித்து முதல்முறை தேடும்போது மட்டும் சேவையகம் தயங்குவதைப் பார்த்து, அதற்கும் கார்டுதான் மருந்து என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் வேறு. 300 நொடிகள் யாரும் பயன்படுத்தாவிட்டால் மாதிரியை ராமிலிருந்து இறக்கிவிடுவது இயல்பிருப்பு. அடுத்த தேடலுக்கு அது மீண்டும் வட்டிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது. ராம் போதுமான அளவு இருந்தால், சூழல் மாறிகளுள் மாதிரியை முன்கூட்டியே ஏற்றுவதற்கென்று உள்ளதைப் பயன்படுத்தி, தேடல் மாதிரியைத் தொடக்கத்திலேயே ஏற்றி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். செலவில்லாத மருந்து இது.

முதல் தொகுப்பை விரைவாக முடிக்க விரும்புவோருக்கு இன்னொரு வழி இருக்கிறது. கட்டுரை இதைக் குறிப்பிடாதது எனக்கு வியப்பளித்தது. இயந்திரக் கற்றல் கன்டெய்னரை மட்டும் வேறொரு கணினியில் இயக்கலாம். வீட்டில் விளையாட்டுக்காக மகனோ மகளோ வைத்திருக்கும், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் குடா இமேஜை நிறுவி, அதன் முகவரியை 3003 என்ற போர்ட் எண்ணோடு நிர்வாகப் பக்கத்தில் முதலாவதாகவும், சேவையகத்தின் சொந்த முகவரியை இரண்டாவதாகவும் கொடுத்துவிட்டால் போதும். முதலாவது விடையளிக்கும்வரை அது உழைக்கும். அதை அணைத்துவிட்டால் வேலை தானாக இரண்டாவதற்கு வரும். இரு கணினிகளிலும் இம்மிச் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல்லோ வேறு பாதுகாப்போ கிடையாது. வீட்டு வலையமைப்புக்குள் மட்டுமே அது இருக்க வேண்டும்; ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து இணையத்துக்கு வெளிப்படுத்தக் கூடாது.

மின்கட்டணக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேவையகம் இரவும் பகலும் இயங்குவது. சும்மா இருக்கும்போது பத்து வாட் மட்டுமே கூடுதலாக இழுக்கும் கார்டு என்று வைத்துக்கொண்டாலும், தமிழ்நாட்டின் இருமாதக் கணக்கீட்டில் அது 14 யூனிட்டுக்கு மேல் வருகிறது. இலவச யூனிட் எல்லையை ஒட்டியே வாழும் வீட்டுக்கு இது சிறிய எண் அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, முடுக்கமே வீண் என்று நான் கூறுவதாகத் தோன்றலாம். ஆங்கிலத்தில் தேடும் வீட்டுக்கு ஏறக்குறைய அப்படித்தான். தமிழில் தேட விரும்பும் வீட்டுக்கு அப்படியல்ல.

இயல்பிருப்பாக வரும் கிளிப் மாதிரி ஆங்கிலத்துக்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. அதன் சொற்றுண்டுப் பட்டியலில் உள்ள 49,408 பதிவுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டியவை. 'யானை' என்று நாம் தட்டச்சு செய்தால், யூனிகோடில் அது நான்கு குறியீடுகள், பன்னிரண்டு பைட்டுகள். மாதிரி அதை ஒரு சொல்லாக அறியாமல் பொருளற்ற துண்டுகளாகவே பெறுகிறது. ஆனாலும் தேடல் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று சொல்வதில்லை. நெருக்கத்தின் வரிசையில் அடுக்குவதே அதன் வேலையாதலால், தொடர்பில்லாத படங்களை அடுக்கிக் காட்டுகிறது. தமிழில் தேடிப் பார்த்துவிட்டு, இயந்திரக் கற்றல் பழுதாகிவிட்டது, கார்டு போட்டால் சரியாகும் என்று முடிவு கட்டும் அன்பர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு மாதிரி. நிர்வாகப் பக்கத்தில் மாதிரியின் பெயரை மாற்றி, எல்லாப் படங்களுக்கும் தேடல் தொகுப்பை மீண்டும் ஓடவிட வேண்டும். பழைய மாதிரி தந்த எண் வரிசைகள் புதியதற்குப் பொருந்தாது.

பன்மொழி மாதிரிகளில் இருவகை உண்டு. மெட்டா நிறுவனம் 2022இல் தமிழ் உட்பட 200 மொழிகளுக்கு வெளியிட்ட என்எல்எல்பி மொழிபெயர்ப்பு மாதிரியை அடியொற்றியவை ஒருவகை. பயனர் தம் கணக்கில் தேர்ந்தெடுத்துள்ள மொழி எதுவோ அந்த மொழியிலேயே தேடல் இருக்கும் என்று இவை எதிர்பார்க்கும். ஆகவே இடைமுகத்தையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எக்ஸ்எல்எம் ரொபெர்ட்டா, கூகுளின் சிக்லிப் 2 ஆகியவற்றை அடியொற்றியவை மற்றொரு வகை. அமைப்பில் எந்த மொழி இருந்தாலும் தட்டச்சு செய்த உரையை அப்படியே புரிந்துகொள்ள முயல்பவை. ஒரு மொழியிலேயே தேடுபவர்களுக்கு முதல் வகை சிறந்தது என்கிறது இம்மிச் ஆவணம். நம் வீடுகளிலோ தாத்தா 'கோயில் தேர்' என்று தேடுவார், பேத்தி அதையே ஆங்கிலத்தில் தேடுவாள், இருவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துவார்கள். அத்தகைய வீட்டுக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்று கருதுகிறேன்.

எந்த வகையாயினும் சுமை கூடும். மூலக் கிளிப் மாதிரியில் உரையைக் கையாளும் பகுதியின் அளவு 6.3 கோடி அளபுருக்கள் (பயிற்சியில் மாதிரி கற்றுக்கொண்ட எண்கள்). எக்ஸ்எல்எம் ரொபெர்ட்டாவின் பெரிய வடிவத்தில் ஏறத்தாழ 55 கோடி. படத்தின் பக்கத்திலும், 49 கட்டங்களாக வெட்டிய இடத்தில், 16 புள்ளிக் கட்டம் கொண்ட மாதிரிகள் அதே அளவுப் படத்தை 196 கட்டங்களாக வெட்டுகின்றன. பழைய மேசைக்கணினியில் சிறிய மாதிரியோடு சில நாள்களில் முடிந்த தொகுப்பு, இப்போது வாரக்கணக்கில் இழுக்கலாம். ஒவ்வொரு தேடலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாமதமாகலாம். மாதிரி பெரிதாகப் பெரிதாக முடுக்கத்தின் பயனும் பெரிதாகும். இங்கேதான் உள்ளமைந்த இன்டெல் கிராபிக்ஸை ஓப்பன்வினோவோடு இணைப்பதும், முதல் தொகுப்பைப் பிள்ளைகளின் கணினிக்கு அனுப்புவதும், போதிய ராம் சேர்ப்பதும் தம் மதிப்பைக் காட்டுகின்றன. எல்லா மாதிரிகளும் எல்லா வன்பொருளிலும் ஓடுவதில்லை என்பதால், தேர்ந்தெடுத்த பன்மொழி மாதிரி தம் வன்பொருளில் பிழையின்றி ஏறுகிறதா என்று சில படங்களில் சோதித்துவிட்டு முழுத் தொகுப்பைத் தொடங்குவது நல்லது.

எந்த மாதிரி தமிழுக்குச் சிறந்தது என்று கேட்டால், என் போன்றவர் கைப்பழக்கத்தால் சொல்வதைத் தவிர நம்பத்தக்க அளவுகோல் கையில் இல்லை. மொழிவாரியாக மாதிரிகளை ஒப்பிடும் அட்டவணைகள் இம்மிச் ஆவணத்தில் உள்ளன. அவற்றுக்கு அடிப்படை, கூகுள் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட 'கிராஸ்மோடல் 3600' என்னும் தொகுதி: 3,600 படங்கள், 36 மொழிகளில் மனிதர் எழுதிய விளக்கங்கள். அந்த 36இல் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் உள்ளன, தமிழ் இல்லை. தெலுங்கு பேசும் வீட்டார் அட்டவணையைப் பார்த்து, இந்த மாதிரி இவ்வளவு ராம் கேட்கும், இவ்வளவு சரியாகத் தேடும், ஆகவே இந்த வன்பொருள் போதும் என்று முடிவு செய்யலாம். நாம் குத்துமதிப்பாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்களிடம் இரு வேண்டுகோள்கள். கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், காணொளி முடுக்கமும் இயந்திரக் கற்றல் முடுக்கமும் வெவ்வேறு என்பதையும், கம்போஸ் கோப்பில் இரண்டு இடங்களையும் மாற்ற வேண்டும் என்பதையும், என்விடியா கார்டுகளுக்கு 5.2 என்ற எல்லையையும், பதிவைப் பார்த்துச் சரிபார்க்கும் முறையையும் அதில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். மற்றது, அந்த 3,600 படங்களும் பொதுவில் கிடைப்பவை. அவற்றுக்குத் தமிழில் விளக்கம் எழுதும் பணியை ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும் கணினித் துறையும் சேர்ந்து ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்பு அதை முன்னின்று நடத்தினால், பிழைதிருத்தம் பார்க்க என்னைப் போன்ற வாசகர்கள் வருவோம். இந்தக் கோரிக்கை உரியவர்கள் கண்ணில் படத் தங்கள் நாளிதழில் இடமளிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கல்லூரிக் கணினி ஆய்வகப் பராமரிப்பாளர் ஒருவர்,
மதுரை.